அறுபது பாடங்களும் ஒரு விடுமுறை வேலையும்

பொருளாதாரம் 29, வரலாறு 11, சமூகவியல் 6, தத்துவம் 5, மானிடவியல் 4, அரசியல் 3, தொடக்கநிலை பிரெஞ்சு 1, ஜெர்மன் 1. கூட்டினால் 60. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1913 முதல் 1916 வரை மேற்படிப்பு படித்த ஓர் இந்திய மாணவர் எடுத்துக்கொண்ட பாடங்களின் கணக்கு இது. பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகை மூன்று வருடத்துக்குத்தான். அதற்குள் அள்ள முடிந்ததையெல்லாம் அள்ளிவிட வேண்டும் என்ற அவசரம் பட்டியலைப் பார்த்தாலே தெரிகிறது. மாணவரின் பெயர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர்.

அவர் கப்பலேறியது பொருளாதாரம் படிக்க. பட்டியலில் ஏறக்குறைய பாதி அதுதான். ஆனால் இன்றும் விடாமல் வாசிக்கப்படுகிற அவருடைய மாணவப் பருவ எழுத்து அந்த 29-லிருந்து வரவில்லை. ஓரத்தில் கிடந்த நான்கு மானிடவியல் பாடங்களின் பக்கமிருந்து வந்தது. 1916 மே 9 அன்று, பேராசிரியர் அலெக்சாண்டர் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் அவர் ஒரு கட்டுரை படித்தார். ‘இந்தியாவில் சாதிகள்: அவற்றின் இயங்குமுறை, தோற்றம், வளர்ச்சி’ என்பது தலைப்பு. அப்போது அவருக்கு வயது 25.

அதில் அவர் போட்ட கணக்கு எளிமையானது. படிப்பவரைத் திடுக்கிட வைப்பது. தனக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டும் என்று ஒரு கூட்டம் கதவைச் சாத்திக்கொள்கிறது. உள்ளே ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சம எண்ணிக்கையில் இருந்தாக வேண்டும். கணவன் முந்திப் போனால் மனைவி ‘உபரி’. மனைவி முந்திப் போனால் கணவன் ‘உபரி’. இந்த உபரிகள் கூட்டத்துக்கு வெளியே இணை தேடினால் கதவு உடையும். உள்ளேயே தேடினால் மணமாகாத இன்னொருவரின் வாய்ப்பைப் பறிக்கும். ஆகவே உபரிப் பெண்ணுக்குச் சிதை, அல்லது ஆயுள் முழுக்கக் கைம்மை. உபரி ஆணுக்கு மட்டும், மணப்பருவம் எட்டாத சிறுமி. சதி, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் என்று மூன்று தனித்தனிக் கொடுமைகளாகப் பார்த்துப் பழகியவற்றை ஒரே பூட்டின் மூன்று தாழ்களாக அவர் காட்டினார். சாதியின் உயிர்நிலை அகமணம் என்பது கட்டுரையின் முடிவு. கதவைச் சாத்தும் பழக்கம் ஒரு கூட்டத்திலிருந்து மற்றவற்றுக்குப் பரவியதை விளக்க, பிரெஞ்சு சமூகவியலர் கேப்ரியல் தார்தின் ‘போலச் செய்தல்’ கோட்பாட்டைத் துணைக்கு அழைத்தார். தார்தின் அந்நூல் ஆங்கிலத்தில் வந்தபோது முன்னுரை எழுதியவர் கொலம்பியாவின் சமூகவியல் பேராசிரியர் பிராங்க்ளின் கிட்டிங்ஸ். ஆக, அந்த ஆறு சமூகவியல் பாடங்களும் கட்டுரைக்குள் எங்கோ வேலை செய்திருக்கின்றன. 1917 மே மாதம் ‘இந்தியன் ஆன்டிக்வரி’ இதழில் கட்டுரை அச்சேறியது.

அதே 1916. சென்னை. முந்தைய ஆண்டின் கடைசியில்தான் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கியிருந்தார் கில்பர்ட் ஸ்லேட்டர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியர். இந்தியக் கிராமத்தைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டும். கையில் அதற்கான புத்தகம் இல்லை. அவர் செய்தது இதுதான்: கேள்விப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து மாணவர்கள் கையில் கொடுத்து, விடுமுறையில் தங்களுக்குப் பழக்கமான கிராமத்தில் விசாரித்து எழுதி வரச் சொன்னார். எத்தனை வீடு, யாருக்கு எவ்வளவு நிலம், கூலி நெல்லாகவா காசாகவா, கடன் எவரிடம், என்ன சாப்பிடுகிறார்கள் என்று போகும் கேள்விகள். மாணவர்கள் எழுதி வந்தவற்றைத் தொகுத்து 1918-இல் ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’ என்ற நூல் வெளியானது. இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம் ஆகிய தமிழ்க் கிராமங்களை ஆய்வாளர்கள் இன்றும் ‘ஸ்லேட்டர் கிராமங்கள்’ என்றே குறிப்பிடுகிறார்கள்.

ஒன்று வகுப்பில் படித்த கட்டுரை. மற்றொன்று விடுமுறை வேலை. இந்தியச் சமூக ஆய்வின் தொடக்கத்தில் இருக்கும் இரண்டு ஆவணங்களும் மாணவர்கள் பாடத்துக்காகச் செய்தவை. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் கெடஸின் பொறுப்பில் நாட்டின் முதல் சமூகவியல் துறை 1919-இல் தொடங்குவதற்கு மூன்று வருடம் முன்பே இரண்டும் நடந்து முடிந்துவிட்டன. இளங்கலையில் சமூகவியல் எடுக்கும் பிள்ளைகள், எந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது என்று விழிக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் இந்த இரண்டையும் நினைத்துக்கொள்வது நல்லது.

*

இன்றைக்குத் தர்மபுரியிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ டெல்லிப் பல்கலைக்கழகத்துக்குப் போக நினைக்கும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். 2022 முதல் அங்கே சேர்க்கை பொது நுழைவுத் தேர்வு வழியாக. மதிப்பெண் வந்ததும் கணினி முன் உட்கார்ந்து கல்லூரியையும் படிப்பையும் ஜோடி ஜோடியாக விருப்ப வரிசையில் அடுக்க வேண்டும். மிராண்டா ஹவுஸ், இந்து, லேடி ஸ்ரீராம் என்று பெயர் பெற்ற கல்லூரிகள் முதலில் வரும். படிப்பில் பொருளாதாரம், ஆங்கிலம், அரசியல் அறிவியல் முந்தும். சமூகவியல் ஐந்தாவதாகவோ ஒன்பதாவதாகவோ நுழையும். பிறகு ஒதுக்கீட்டுப் பட்டியல் வரும். ஒன்பதாவதாகப் போட்டது முதலாவதாக வந்து நிற்கும்.

வீட்டில் கேள்வி தொடங்கும். “சோஷியாலஜி படிச்சு என்ன பண்ணப் போறே கண்ணு?” என்று மாமா கேட்பார். “ஐ.ஏ.எஸ். பரீட்சைக்கு ஆகும் மாமா” என்பதுதான் கைவசம் இருக்கும் பதில். பொய்யும் இல்லை. குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் விருப்பப் பாடத்துக்கு 250 மதிப்பெண் வீதம் இரண்டு தாள். சமூகவியல் அதில் பலர் நாடும் பாடம். மாமா சமாதானமாகிவிடுவார். ஆனால் அந்தப் பதிலோடு வகுப்பில் உட்கார்ந்தவருக்கு மார்க்ஸ், வெபர், துர்க்கைம் மூவரும் பத்து மதிப்பெண் விடைகளாகச் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு. பயிற்சி மையத்தின் நோட்ஸ் மூன்று வருடப் படிப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சேர்ந்த பிறகுதான் இரண்டாவது தேர்வு: எந்தெந்தத் தாள்? டெல்லிப் பல்கலைக்கழகத்தின் 2015-ஆம் ஆண்டுப் பாடத்திட்டம், இன்று நடப்பில் இல்லாவிட்டாலும், இதை யோசிக்க வசதியான ஆவணம். பதினான்கு கட்டாயத் தாள்கள். முதல் வருடம் சமூகவியல் அறிமுகமும் இந்தியச் சமூகவியலும். இரண்டாம் வருடம் அரசியல், மதம், பாலினம், பொருளியல், உறவுமுறை, சமூக அடுக்கு. மூன்றாம் வருடம் சிந்தனையாளர்கள், ஆய்வு முறை. இவற்றோடு விருப்பத் தாள்கள் எட்டு: நகர்ப்புறம், வேளாண் சமூகம், சுற்றுச்சூழல், உழைப்பு, உடல்நலமும் மருத்துவமும், இந்தியச் சமூகவியல் மரபுகள், காட்சிச் சமூகவியல், இனவரைவியல் வாசிப்பு. எட்டிலிருந்து நான்கு எடுக்க வேண்டியிருந்தது.

தாளில் எட்டு இருந்தாலும் கல்லூரியில் எட்டும் நடக்காது. எதற்கு ஆசிரியர் இருக்கிறாரோ, எதற்கு ஆள் சேருகிறதோ, அது நடக்கும். மாணவர் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் துறைத்தலைவரின் கால அட்டவணை தேர்ந்தெடுத்துவிடுகிறது. மூத்த மாணவர்கள் “அந்தப் பேப்பர்ல மார்க் வரும்” என்று சொல்லும் ஒரு சொல்லுக்கு, அச்சிட்ட பாடத்திட்டத்தைவிட மதிப்பு அதிகம். ஒரு வகுப்பில் யார் எந்தத் தாளை எடுத்தார்கள், எதற்காக எடுத்தார்கள் என்று விசாரித்தாலே முதல் வருடத்துக்குப் போதுமான களப்பணி தேறும்.

*

பெயரைப் பார்த்துச் சலிப்பூட்டும் தாள் என்று தள்ளப்படுவதில் முதலிடம் ‘உறவுமுறைச் சமூகவியல்’. கட்டாயத் தாள் என்பதால் தப்பிக்க வழியில்லை. வட்டமும் முக்கோணமும் கோடுமாகக் கரும்பலகையில் வரைவார்கள். தமிழ் வீட்டிலிருந்து போன மாணவருக்கு மட்டும் அந்த வகுப்பில் ஒரு ராஜபோகம் காத்திருக்கிறது. பலருக்கு அது தெரிவதில்லை.

‘அத்தை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் தங்கையும் அத்தை. கணவனின் தாயும் அத்தை. ‘மாமா’ அம்மாவின் தம்பி; மாமனாரும் மாமாதான். இந்தி பேசும் வகுப்புத் தோழிக்கு அப்பாவின் தங்கை ‘பூஆ’, மாமியார் ‘சாஸ்’. இரண்டும் ஒட்டாத சொற்கள். ஒட்டவும் கூடாது, பூஆவின் மகன் அவளுக்கு அண்ணன் முறை, ராக்கி கட்ட வேண்டியவன். அத்தை மகனையோ மாமன் மகளையோ மணப்பது எங்கள் பக்கம் முறை என்று தமிழ்ப் பிள்ளை சொன்ன மாத்திரத்தில் வகுப்பில் ஒரு கணம் மௌனம் விழும். அந்த மௌனத்திலிருந்துதான் பாடம் தொடங்குகிறது. மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளரிடையே களப்பணி செய்த பிரெஞ்சு மானிடவியலர் லூயி துய்மோன், 1953-இல் எழுதிய கட்டுரையில், திராவிட உறவுச் சொற்களுக்குள் திருமண விதி பொதிந்திருக்கிறது என்று நிறுவினார். அத்தையின் இரட்டைப் பொருள் சொல் பஞ்சத்தால் வந்ததில்லை; மணம் செய்யத் தக்க வீடு எது என்பதைக் குழந்தை பேசக் கற்கும்போதே சொல்லிவைக்கும் ஏற்பாடு. அதே 1953-இல் மானிடவியலர் ஐராவதி கார்வே, இந்தியாவின் உறவுமுறையை வடக்கு, மத்திய, தெற்கு, கிழக்கு என நான்கு வட்டாரங்களாகப் பிரித்துக்காட்டிய நூலை வெளியிட்டார். இரண்டு வருடம் கழித்து வந்த இந்துத் திருமணச் சட்டம், விலக்கப்பட்ட உறவுக்குள் மணம் கூடாது என்று விதித்துவிட்டு, வழக்கம் அனுமதித்தால் தவிர என்று ஒரு வழியைத் திறந்து வைத்தது. அந்த வழியாகத்தான் நம் ஊர் முறைமாமன்கள் சட்டத்துக்குள் வந்தார்கள்.

வீட்டுக் கூடத்தில் தினமும் புழங்கிய சொல் ஒன்று கரும்பலகையில் வரைபடமாகி, சட்டப் பிரிவாகி, வட்டாரப் பிரிவாகித் திரும்பி வருகிறது. இதற்குப் பிறகு அந்தப் பிள்ளை சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் பத்திரிகையில் பெயர்கள் எந்த வரிசையில் அச்சாகியிருக்கின்றன என்று பார்க்காமல் வராது.

*

பாடம் மாறியவர்களின் கதையும் இந்தத் துறையில் உண்டு. ஆந்த்ரே பெத்தெய் கல்கத்தாவில் இயற்பியல் மாணவராகத் தொடங்கி, பாதியில் மானிடவியலுக்குத் தாவியவர். பிறகு டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகி, 1960-களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வந்து தங்கினார். அதற்கு அவர் வைத்த புனைபெயர் ஸ்ரீபுரம். 1965-இல் வந்த ‘சாதி, வர்க்கம், அதிகாரம்’ அந்த ஊரைப் பற்றியது. சாதியில் மேலிருந்தவர் கையிலேயே நிலமும் அதிகாரமும் இருந்த காலம் போய், மூன்றும் வெவ்வேறு கைகளுக்குப் பிரியத் தொடங்கியதை அது சொல்கிறது. அக்கிரகாரத்தின் பிடியிலிருந்து ஊராட்சி அதிகாரம் நழுவி, பிராமணரல்லாதார் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம் அது.

பெத்தெய் தங்கியது அக்கிரகாரத்தில். அதனால் அங்கே கிடைத்த தகவலின் அடர்த்தி சேரியில் கிடைக்கவில்லை. நினைத்தபோது அங்கே போய்வர முடியவில்லை; போனால் தங்கியிருந்த தெருவுக்குப் பிடிக்கவில்லை. இதை அவர் மறைக்காமல் எழுதிவைத்தார். எந்த வீட்டில் பெட்டியை இறக்கிவைக்கிறோம் என்பது எந்தக் கதவுகள் திறக்கும் என்பதைத் தீர்மானித்துவிட்டது. ‘ஆய்வு முறை’ என்ற தாள் ஒரு பருவம் முழுக்க விளக்கப் பார்க்கும் விஷயத்தை இந்த ஒரே உதாரணம் சொல்லிவிடும். ஸ்லேட்டரின் மாணவர்களையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். 1916-இல் கல்லூரிவரை வந்த பையன் பெரும்பாலும் நிலமுள்ள வீட்டுப் பையன். அவன் போய்க் கூலி எவ்வளவு என்று கேட்டால், பண்ணையில் கூலிவேலை செய்யும் படியாள் என்ன பதில் சொல்லியிருப்பார்?

சமூகவியலர் எம்.என். ஸ்ரீனிவாஸ் வந்தது வேறு வழி. மைசூர் மகாராஜா கல்லூரியில் சமூகத் தத்துவம் ஆனர்ஸ் படித்துவிட்டு, பம்பாய்க்குப் போய் சமூகவியல் பேராசிரியர் ஜி.எஸ். குர்யேயிடம் சேர்ந்து, பிறகு ஆக்ஸ்போர்டு. 1948-இல் மைசூர் அருகே ராம்புரா என்று அவர் பெயரிட்ட கிராமத்தில் களப்பணி. தமிழ்ப் பத்திரிகைகள் தேர்தல்தோறும் எழுதும் ‘வாக்கு வங்கி’ அந்த ராம்புராவைப் பற்றிய அவர் கட்டுரையிலிருந்து புறப்பட்ட சொல். 1970 ஏப்ரலில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் அவர் இருந்த ஆய்வு மையத்துக்கு யாரோ தீ வைத்தார்கள். பல வருடம் உட்கார்ந்து ஒழுங்குபடுத்திய குறிப்புகளின் மூன்று படிகளும் எரிந்தன. மனதில் நின்றதை வைத்து எழுதி 1976-இல் வெளியிட்ட நூல்தான் ‘நினைவில் நின்ற கிராமம்’. ‘இனவரைவியல் வாசிப்பு’ என்ற விருப்பத் தாள் எந்தக் கல்லூரியில் நடந்தாலும் எடுக்கலாம் என்று தைரியமாகச் சொல்வதற்கு இப்படிப்பட்ட நூல்களே காரணம். துணுக்குத் துணுக்காக நகலெடுத்த பக்கங்களைப் படித்தே பட்டம் வாங்கிவிடக்கூடிய படிப்பில், ஒரு நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசிக்க வைக்கும் தாள் அது.

‘இந்தியச் சமூகவியல் மரபுகள்’ தாளையும் எடுக்கலாம், ஒரு கேள்வியோடு. 2015 பாடத்திட்டத்தில் அதன் அலகுகள் ராதாகமல் முகர்ஜி, டி.பி. முகர்ஜி, குர்யே, வெரியர் எல்வின், ஸ்ரீனிவாஸ், கார்வே, லீலா துபே ஆகியோர் பெயரில் இருந்தன. அம்பேத்கர் பெயரில் அலகு இல்லை. அவர் வேறொரு கட்டாயத் தாளில், ‘இந்தியாவைப் பற்றிய கருத்துகள்’ என்ற தலைப்பின் கீழ், காந்திக்குப் பக்கத்தில் இருந்தார். அகமணத்தை மையத்தில் வைத்துச் சாதியை விளக்கியவர் மரபில் இடம்பெறாமல் கருத்துத் தரப்பில் உட்காரவைக்கப்பட்டது எப்படி என்று வகுப்பில் கேட்கலாம். நல்ல ஆசிரியர் அன்றைக்கு நடத்த வைத்திருந்த பாடத்தை மூடிவிட்டு இதைப் பேசுவார்.

*

அந்த 2015 பாடத்திட்டத்தின் பெரிய குறை அதன் வரிசை. ஆய்வு முறை ஐந்தாவது, ஆறாவது பருவங்களில் வந்தது. அதாவது, மாணவர் முதுகலை நுழைவுத் தேர்வுக்கும் வேலைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் மூன்றாம் வருடத்தில். நான்கு பருவம் முழுக்க அடுத்தவர் கண்டுபிடித்ததைப் படித்துவிட்டு, கண்டுபிடிப்பது எப்படி என்பதைக் கடைசியில் அவசரமாகக் கற்பது. ஸ்லேட்டர் இதைத் தலைகீழாகச் செய்தார். கேள்வித்தாளோடு ஊருக்கு அனுப்பிவிட்டு, வந்த பதில்களைக் கொண்டு பாடத்தைக் கட்டினார்.

அதனால் தேர்வு செய்யும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். தாளின் பெயரைப் பார்க்காதீர்கள். அந்தத் தாள் உங்களை என்ன செய்யச் சொல்கிறது என்று பாருங்கள். முழுசாக ஒரு புத்தகம் வாசிக்கச் சொல்கிறதா? தெருவில் இறங்கி நாலு பேரிடம் பேசச் சொல்கிறதா? எழுதியதை வகுப்பில் படித்துக் காட்டி, எதிர்க்கேள்விக்குப் பதில் சொல்ல வைக்கிறதா? மூன்றில் ஒன்றாவது இருந்தால் எடுக்கலாம். ‘உழைப்பின் சமூகவியல்’ என்ற கம்பீரமான பெயரில் குறிப்பெழுதிப் பரீட்சை எழுதுவதோடு முடிந்துவிடும் தாளைவிட, வாய்க்குள் நுழையாத பெயரில் ஒரு தேநீர்க் கடையில் பத்து நாள் உட்காரச் சொல்லும் தாள் மேல்.

2015 திட்டத்தின்படி, ஆறாவது பருவத்தில் ஒரு விருப்பத் தாளுக்குப் பதிலாக ஆய்வேடு எழுத வழியிருந்தது. 2022-இல் தொடங்கிய நான்காண்டுத் திட்டத்தில் கடைசி வருடத்தில் அதற்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது: ஆய்வேடு, கல்விசார் திட்டப்பணி, தொழில்முனைவு என்று மூன்று வழி. வேலை குறைவு என்று யாராவது வேறொன்றைக் காட்டுவார்கள். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் ஊருக்குத் திரும்புங்கள்.

இருவேல்பட்டுக்கு அப்படித்தான் ஆட்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். விழுப்புரம் பக்கத்து அந்த ஊரில் 1916-க்குப் பிறகு 1937, 1961, 1981, 2008 என நான்கு முறை மறு ஆய்வு நடந்தது. ரெட்டியார் பண்ணையின் பிடி தளர்ந்ததும், தலித்துகள் பண்ணையை நம்பி வாழும் நிலையிலிருந்து விலகி வந்ததும், ரேஷன் அரிசியும் நூறுநாள் வேலையும் கூலிப் பேரத்தில் அவர்கள் கையை வலுவாக்கியதும் அந்த ஏடுகளில் வரிசையாக இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் முதல் ஏடு, கல்லூரி மாணவர் ஒருவர் விடுமுறையில் எழுதி எடுத்து வந்தது.